கே. டெய்லர்: ஒரு முதலெழுத்தின் வரலாறு

பெண்களின் விளையாட்டு வரலாறு குறித்து அண்மையில் நிகழ்ந்த கருத்தரங்கு ஒன்றில் முதுகலை மாணவி ஒருவர் எழுப்பிய வினாவே இப்பதிவுக்குக் காரணம். "சாம்பியன்களின் வாழ்க்கையை எழுதுவது வரலாறா, புகழுரையா? திறமை இருந்தது, வென்றார் என்பதற்கு மேல் அதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று அவர் கேட்டார். நேரமின்மையால் அன்று நான் தந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அயர்லாந்தின் தொழில்முறைக் குத்துச்சண்டையாளர் கேட்டி டெய்லரின் வாழ்க்கையை முன்வைத்து அவ்விடையை இங்கே விரித்தெழுத முயல்கிறேன். பதிவு நீண்டது, நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறமை மூடிய கதவுகளைத் தானே திறந்துகொள்ளும் என்பது விளையாட்டு வாழ்க்கை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் கதை. டெய்லரின் வாழ்க்கை அக்கதைக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயினும் அதைக் கூர்ந்து வாசித்தால் வேறொன்று புலப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அவரை உள்ளே விட்டவை விதிமாற்றங்கள். ஒவ்வொரு விதிமாற்றத்தோடும் ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தது.

1

டெய்லர் 1986 ஜூலை 2 அன்று அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்துக் கடற்கரை நகரான பிரேயில் பிறந்தார். தந்தை பீட் டெய்லர் அதே ஆண்டில் லைட் ஹெவிவெயிட் பிரிவில் நாட்டின் அமெச்சூர் பட்டத்தை வென்றவர். அண்ணன்மாரும் கையுறை அணிந்தவர்களே. பதினொன்றாம் வயதளவில் டெய்லரும் தந்தையிடம் பயிலத் தொடங்கினார். அக்காலத்து அயர்லாந்தில் பெண்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட போட்டி ஒன்றுகூட இல்லை. எனவே அச்சிறுமி தலைமுடியைத் தலைக்கவசத்துக்குள் மறைத்துக்கொண்டு சிறுவர்களோடு மோதினாள். போட்டிப் பட்டியலில் அவள் பெயர் "கே. டெய்லர்" என்று மட்டும் இடம்பெற்றது. சண்டை முடிந்து தலைக்கவசத்தைக் கழற்றிய பின்னரே வென்றது ஒரு சிறுமி என்று அரங்கிலிருந்தோர் அறிந்தனர்.

இச்செய்தி இன்று சுவையான துணுக்காகப் பேசப்படுகிறது. ஆவணங்களோடு பழகுவோர் அதைச் சற்று நின்று நோக்க வேண்டும். நம் பெயர்களில் முதலெழுத்து தந்தையைக் குறிக்கும். அங்கோ குடும்பப்பெயர் முழுமையாக நிற்க, அச்சிறுமியின் சொந்தப் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கியது. அவர் பிற்காலத்தில் புகழ் பெறாமல் போயிருந்தால், அப்பட்டியலை வாசிக்கும் எந்த ஆய்வாளரும் அங்கே ஒரு சிறுவனையே கண்டிருப்பார். ஆவணத்தில் பெண் இல்லை என்பதிலிருந்து களத்தில் பெண் இல்லை என்று முடிவுகட்டுவது எவ்வளவு பிழையானது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2

பெண்கள் குத்துச்சண்டைக்குள் அண்மையில்தான் நுழைந்தனர் என்பதும் பிழையே. 1722இல் எலிசபெத் வில்கின்சன் என்பவர் ஹன்னா ஹைஃபீல்டு என்னும் பெண்ணுக்குச் சண்டை அழைப்பு விடுத்த விளம்பரம் லண்டன் இதழொன்றில் வெளிவந்துள்ளது. இருவரும் கைகளில் நாணயத்தைப் பற்றிக்கொண்டு மோத வேண்டும், முதலில் நாணயத்தை நழுவவிடுபவர் தோற்றவர் என்பது விதி. குத்துச்சண்டை முறைப்படுத்தப்பட்டுச் சங்கங்களும் உரிமங்களும் தோன்றியபோதுதான் பெண்கள் விதிகளின் வழியாக வெளியே நிறுத்தப்பட்டனர்.

அவ்விலக்கின் விலையை அறிய, டெய்லருக்கு முந்தைய தலைமுறையின் மற்றோர் அயர்லாந்துப் பெண்ணை அவரருகே வைத்துப் பார்க்க வேண்டும். டீர்ட்ரா கோகர்ட்டி 1969இல் ட்ராஹெடாவில் பிறந்தவர். தாய்நாட்டில் அவருக்கு உரிமம் கிடைக்கவில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்குச் சென்று பயின்றார். 1996 மார்ச் 16 அன்று லாஸ் வேகாஸில் மைக் டைசன், ஃபிராங்க் புரூனோ மோதிய நிகழ்ச்சியில், முதன்மைப் போட்டிக்கு முன்னதாக அவர் அமெரிக்கரான கிறிஸ்டி மார்ட்டினோடு ஆறு சுற்றுகள் மோதினார். மூக்கில் இரத்தம் வழிய மார்ட்டின் புள்ளிகளில் வென்ற அச்சண்டை, டைசனின் போட்டியைக் காட்டிலும் அதிகமாகப் பேசப்பட்டது. அடுத்த மாதமே 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் அட்டையில் மார்ட்டினின் படம் வந்தது. மறு ஆண்டு கோகர்ட்டியும் உலகப் பட்டம் ஒன்றை வென்றார். ஆயினும் அயர்லாந்தின் பொதுநினைவில் அவருக்குரிய இடம் மிகப் பிந்தியே கிடைத்தது.

பிரிட்டனிலும் நிலைமை வேறாக இல்லை. ஜேன் கௌச் வெளிநாட்டில் உலகப் பட்டம் வென்ற பின்னரும் பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் அவருக்கு உரிமம் தர மறுத்தது. அவர் பால் அடிப்படையிலான பாகுபாடு என்று வழக்குத் தொடுத்தார். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பெண்களின் மனநிலை நிலையற்றது என்பதும் வாரியத்தின் தரப்பில் வாதமாக வைக்கப்பட்டது. 1998 மார்ச்சில் தீர்ப்பாயம் கௌச்சுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பிரேயின் பதினொரு வயதுச் சிறுமி கையுறை அணியத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

கோகர்ட்டிக்கும் டெய்லருக்கும் இடையே உள்ள வயது இடைவெளி 17 ஆண்டுகள். இருவரும் ஒரே நாட்டினர், ஒரே விளையாட்டில் உலகப் பட்டம் வென்றவர்கள். ஒருவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மற்றவர் பின்னாளில் அந்நாட்டின் கொடியையே ஏந்தினார். இருவருடைய திறமையையும் எடைபோடுவது என் நோக்கம் அன்று. ஆனால் இவ்வேறுபாட்டைத் திறமையால் மட்டும் விளக்க இயலாது என்பது தெளிவு. இடைப்பட்ட காலத்தில் விதிப்புத்தகம் மாறியிருந்தது.

3

அம்மாற்றத்தில் 2001ஆம் ஆண்டு திருப்புமுனை. அவ்வாண்டு பிப்ரவரியில் இந்தியாவின் முதல் பெண்கள் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி சென்னையில் நடைபெற்றது. மணிப்பூரின் மேரி கோம் அங்கே பட்டம் வென்றார். அவர் குத்துச்சண்டை பயில்வதைத் தந்தை அறிந்தது செய்தித்தாளில் வந்த படத்தின் வழியாகத்தான் என்பதை இங்கு நினைவுகூரலாம். மறைத்துப் பயில நேர்ந்தது ஒரு நாட்டுக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. அக்டோபர் 31 அன்று டப்ளினின் தேசிய அரங்கில் அயர்லாந்தின் முதல் அங்கீகரிக்கப்பட்ட பெண்கள் போட்டி நடந்தது. குத்துச்சண்டைக்கென்றே கட்டப்பட்டு 1939இல் திறக்கப்பட்ட அவ்வரங்கில், பெண்கள் முறைப்படி மோதுவதற்கு 62 ஆண்டுகள் ஆயின. பதினைந்து வயது டெய்லர் அன்று வென்றார். முதலெழுத்துக்குப் பின்னிருந்த பெயர் அன்றுதான் முழுமையாகப் பதிவேறியது. நவம்பரில் அமெரிக்காவின் ஸ்கிராண்டன் நகரில் முதல் பெண்கள் உலக அமெச்சூர் சாம்பியன் போட்டி நடந்தது.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 2006 நவம்பரில், உலகப் போட்டி புதுதில்லிக்கு வந்தது. நம்மவர் நினைவில் அது மேரி கோம், சரிதா தேவி உள்ளிட்ட 4 இந்தியப் பெண்கள் தங்கம் வென்ற போட்டி. அயர்லாந்தினருக்கோ, 60 கிலோ பிரிவில் டெய்லர் தம் முதல் உலகத் தங்கத்தை வென்ற போட்டி. 2014 வரை தொடர்ந்து ஐந்து உலகப் போட்டிகளில் அவர் அத்தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

அப்போதும் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை இல்லை. பெய்ஜிங் போட்டியில் அதைச் சேர்க்கும் கோரிக்கையை ஒலிம்பிக் குழு 2005இல் ஏற்க மறுத்திருந்தது. இதன்பின் ஒரு விந்தையான கட்டம் வருகிறது. 2007இல் சிகாகோவில் நடந்த ஆண்கள் உலகப் போட்டியின்போது டெய்லர் காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்டார். பெண்கள் இவ்விளையாட்டை ஆடத்தக்கவர்கள் என்று நிர்வாகிகளுக்கு மெய்ப்பித்துக் காட்டுவதே அதன் பயன். உலகச் சாம்பியன் ஒருவர் தாம் ஆடத் தகுதியுடையவர் என்பதற்கான சான்றுப்பொருளாக மேடையேற வேண்டியிருந்தது. இவ்வாறு ஒரு சோதனை ஆண் சாம்பியன் எவருக்கும் வைக்கப்பட்டதில்லை. 2009 ஆகஸ்டில் பெர்லினில் கூடிய ஒலிம்பிக் நிர்வாகக் குழு இசைவு தந்தது.

இசைவோடு நிபந்தனையும் வந்தது. லண்டன் 2012இல் ஆண்களுக்கு 10 எடைப்பிரிவுகள், பெண்களுக்கு 3. ஆண்கள் 250 பேர், பெண்கள் 36 பேர். இடையிலிருந்த எடைகளைச் சேர்ந்த பெண்கள் தம் உடலைக் கூட்டியோ குறைத்தோ அம்மூன்றனுள் ஒன்றில் அடங்க வேண்டியிருந்தது. 46, 48 கிலோ பிரிவுகளில் உலகப் பட்டங்கள் வென்ற மேரி கோம் 51 கிலோவில் ஆட நேர்ந்ததும் இதனால்தான். பெண்கள் குட்டைப் பாவாடை அணிந்து மோதினால் பார்வையாளர் வேறுபாடு அறிவர் என்றொரு யோசனையும் அந்நாள்களில் எழுந்தது. டெய்லர் அதை வெளிப்படையாக மறுத்தவர்களுள் ஒருவர்.

தொடக்க விழாவில் அயர்லாந்தின் கொடியை ஏந்தி வந்தவர் டெய்லர். பிரிட்டனின் நடாஷா ஜோனஸோடு அவர் மோதிய காலிறுதியில் அரங்கின் ஒலி 113.7 டெசிபல் என்று அளவிடப்பட்டது. ஆகஸ்ட் 9 அன்று இறுதியில் ரஷ்யாவின் சோஃபியா ஒச்சிகவாவை 10-8 என்னும் கணக்கில் வென்றார். அவ்வொலிம்பிக்கில் அயர்லாந்துக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது.

4

வெற்றிக் கதைகள் பெரும்பாலும் இங்கே நிறைவுறும். டெய்லரின் வரலாறு 2016இல் மறுபடியும் தொடங்குகிறது. பயிற்சியாளராயிருந்த தந்தையிடமிருந்து அவர் பிரிந்திருந்தார். அவ்வாண்டு உலகப் போட்டியின் அரையிறுதியில் பிரான்சின் எஸ்டெல் மோஸ்லியிடம் தோற்றார். ரியோ ஒலிம்பிக்கின் காலிறுதியில் பின்லாந்தின் மீரா பொட்கோனனிடம் தோற்றார். 30 வயது. பலர் அவருடைய காலம் முடிந்ததென்றே கருதினர்.

அவரோ தொழில்முறைக்கு மாறினார். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ராஸ் எனமைட்டிடம் பயிற்சி பெற்று, 2016 நவம்பர் 26 அன்று லண்டனின் வெம்பிளி அரங்கில் முதல் தொழில்முறைப் போட்டியில் வென்றார். இத்துறையைப் பின்தொடராதோருக்கு ஒரு விளக்கம் தேவை. தொழில்முறைக் குத்துச்சண்டையில் ஒற்றைத் தலைமை அமைப்பு இல்லை. டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்னும் நான்கு அமைப்புகள் தனித்தனியே உலகப் பட்டம் வழங்குகின்றன. நான்கையும் ஒருங்கே பெற்றவரே ஐயத்துக்கிடமற்ற சாம்பியன். 2017 அக்டோபரில் கார்டிஃபில் முதல் பட்டத்தை வென்ற டெய்லர், 2019 ஜூன் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நான்காவதையும் வென்று லைட்வெயிட் பிரிவை முழுமையாகத் தம் வசமாக்கினார்.

அவ்வெற்றியைக் களங்கமற்றதென்று எழுதிவிட்டு நகர்வது நேர்மையாகாது. எதிராளி பெல்ஜியத்தின் டெல்ஃபைன் பெர்சூன், காவல்துறையில் பணியாற்றியவர். நடுவர் இருவர் 96-94 என டெய்லருக்கும், மூன்றாமவர் 95-95 எனச் சமமாகவும் மதிப்பெண் தந்தனர். பெர்சூனே வென்றார் என்று கருதியோர் பலர். 2020 ஆகஸ்டில் நடந்த மறுபோட்டியில் மூவருமே டெய்லர் வென்றதாகத் தீர்ப்பளித்தனர். வரலாற்றாசிரியர் இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைக்கக் கடமைப்பட்டவர்.

1879 முதல் அடுத்தடுத்து நான்கு கட்டடங்களில் அதே பெயரோடு இயங்கிவரும் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், குத்துச்சண்டை நிகழ்ச்சி ஒன்றின் முதன்மைப் போட்டியைப் பெண்கள் ஆடியது 2022 ஏப்ரல் 30 அன்றுதான். டெய்லரும் புவேர்ட்டோ ரிக்கோவில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்த அமாண்டா செரானோவும் மோதினர். 19,187 பேர் திரண்டனர். ஐந்தாம் சுற்றில் செரானோவின் அடிகளால் டெய்லர் வீழும் நிலைக்கு வந்தார். மீண்டெழுந்து இறுதிச் சுற்றுகளைத் தமதாக்கினார். 97-93, 96-93 என இரு நடுவர் அவருக்கும், 96-94 என ஒருவர் செரானோவுக்கும் மதிப்பெண் தந்தனர். இருவருக்கும் பத்து இலட்சம் டாலருக்கும் மேற்பட்ட ஊதியம் உறுதி செய்யப்பட்டிருந்தது. 26 ஆண்டுகளுக்கு முன் கோகர்ட்டியும் மார்ட்டினும் ஆண்களின் போட்டிக்கு முன்னுரையாக நின்ற இடத்திலிருந்து இது நெடுந்தொலைவு.

5

இத்தனை வெற்றிகளுக்குப் பின்னும் டெய்லர் தாய்நாட்டில் ஒரு தொழில்முறைப் போட்டிகூட ஆடியிருக்கவில்லை. இதற்கான காரணம் அவருடைய பால் சார்ந்தது அன்று. 2016 பிப்ரவரியில் டப்ளினின் விடுதி ஒன்றில், குத்துச்சண்டை நிகழ்ச்சிக்கான எடைபார்ப்பின்போது, குற்றக்கும்பல்களின் பகையால் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்து ஒருவர் கொல்லப்பட்டார். அதன்பின் பெரிய அளவிலான தொழில்முறைப் போட்டிகள் அந்நகரிலிருந்து அகன்றன. ஒரு வாழ்க்கையைப் பாலினம் என்னும் ஒற்றைச் சாவியால் மட்டும் திறக்க முயல்வோருக்கு இச்செய்தி தேவையான எச்சரிக்கை.

2023 மே 20 அன்று அவர் டப்ளினில் ஆடினார். எடையைக் கூட்டி, லைட் வெல்டர்வெயிட்டின் நான்கு பட்டங்களையும் வைத்திருந்த இங்கிலாந்தின் சாண்டல் கேமரூனை எதிர்கொண்டார், தோற்றார். தாய்நாட்டின் முதல் போட்டியே தொழில்முறை வாழ்வின் முதல் தோல்வியாயிற்று. அதே அரங்கில் நவம்பர் 25 அன்று நடந்த மறுபோட்டியில் வென்று, இரண்டு எடைப்பிரிவுகளில் நான்கு பட்டங்களையும் ஒருங்கே பெற்றவரானார். 2024 நவம்பரில் டெக்சாஸிலும், 2025 ஜூலையில் மீண்டும் மேடிசன் ஸ்கொயர் கார்டனிலும் செரானோவை வென்றார். அம்மூன்றாவது போட்டி நடந்த நிகழ்ச்சி முழுவதும் பெண்களின் போட்டிகளால் ஆனது. டெக்சாஸ் தீர்ப்போ மூவரும் 95-94 எனத் தந்தது. அதுவும் இன்றுவரை விவாதத்துக்குரியது. மூன்றாம் போட்டியோடு அவருடைய கணக்கு 25 வெற்றி, 1 தோல்வி. வெற்றிகளுள் 6 மட்டுமே எதிராளியை வீழ்த்தியோ நிறுத்தியோ பெற்றவை.

6

இந்தக் கடைசி எண்ணில் சற்று நிற்போம். இதை அவருடைய கைவலிமையின் குறையாக வாசிப்பவர் உண்டு. ஆண்களின் உலகப் பட்டப் போட்டி 12 சுற்றுகள், சுற்றுக்கு 3 நிமிடம்: மொத்தம் 36 நிமிடம். பெண்களுடையது 10 சுற்றுகள், சுற்றுக்கு 2 நிமிடம்: மொத்தம் 20 நிமிடம். எதிராளி தள்ளாடத் தொடங்கும் நேரத்தில் மணி அடித்துவிடுகிறது. ஆட்டத்தை முடிப்பதற்கான காலத்தைக் குறைத்துவிட்டு, பெண்கள் ஆட்டத்தை முடிப்பதில்லை என்பதும், அதையே காட்டி ஊதியத்தைக் குறைப்பதும் நடைமுறையில் நிகழ்ந்தவை. புள்ளிவிவரம் என்று நாம் மேற்கோள் காட்டுவதற்குள்ளேயே விதி ஒளிந்திருக்கிறது.

மறுதரப்பையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு மூளை அதிர்ச்சியின் ஆபத்து அதிகம் என்னும் மருத்துவக் காரணத்தை முன்வைத்து டபிள்யூபிசி அமைப்பு 3 நிமிடச் சுற்றுகளை ஏற்க மறுத்துவருகிறது. இதனை வெறும் சாக்கென்று தள்ளிவிட முடியாது; தலையில் அடி வாங்கும் விளையாட்டில் குறைந்த நேரமே யாவர்க்கும் நல்லது என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் அவ்வாதம் உண்மையில் அக்கறையிலிருந்து பிறந்ததாயின் ஆண்களின் நேரத்தையும் குறைக்கக் கோர வேண்டும். அமெச்சூர் போட்டிகளில் 2017 முதல் இருபாலருக்கும் 3 நிமிடச் சுற்றுகள் மூன்றே என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இவ்விவாதத்தை முன்னெடுத்தவர் டெய்லர் அல்லர், செரானோ. 2023 அக்டோபரில் அவர் 12 சுற்றுகள், சுற்றுக்கு 3 நிமிடம் என்னும் முறையில் பட்டப்போட்டி ஆடினார். டபிள்யூபிசி அதற்கு இசையாததால் அவ்வமைப்பின் பட்டத்தையே துறந்தார். ஆயினும் டெய்லரோடு அவர் ஆடிய மூன்று போட்டிகளும் பழைய 2 நிமிட முறையிலேயே நடந்தன. மூன்றிலும் தோற்றவராகப் பதிவாகியுள்ள செரானோவே விதியின் மீதான கேள்வியை நெடுந்தொலைவு கொண்டுசென்றார். பட்டியலில் வெற்றியாளரை மட்டும் தேடும் வரலாறு அவரைத் தவறவிட்டுவிடும்.

7

அம்மாணவியின் வினாவுக்கு இப்போது விடை தர முயல்கிறேன். டெய்லரின் மேன்மையை நான் ஐயுறவில்லை. கழிப்பறைகூட இல்லாத ஒரு படகுக் கொட்டகையில் பயிலத் தொடங்கி 39ஆம் வயதிலும் பட்டத்தைக் காத்தவரை வியக்காமலிருக்க இயலாது. ஆனால் வியப்போடு நின்றுவிட்டால், கோகர்ட்டி ஏன் நாட்டைவிட்டுப் போனார், கௌச் ஏன் தீர்ப்பாயத்தின் படியேறினார், 36 பேருக்குள் அடங்காத பெண்கள் எங்கே போயினர் என்னும் கேள்விகள் எழாமலே போகும். ஒரு சாம்பியனின் வாழ்க்கை, அவரைச் சுற்றியிருந்த விதிகள் எப்போது, எவரால், எந்த நிபந்தனையோடு மாறின என்பதைக் காலவரிசையில் காண உதவும் அரிய ஆவணம். அவ்வாறு வாசிக்கும்போது அது புகழுரையாகாமல் வரலாறாகிறது.

லண்டனில் 3 ஆக இருந்த பெண்களின் ஒலிம்பிக் எடைப்பிரிவுகள் டோக்கியோவில் 5, பாரிஸில் 6 என வளர்ந்தன. ஆண்களுக்குரியவை 7 ஆகக் குறைந்தன. இவ்வெண்களின் பின்னே எத்தனை கடிதங்கள், எத்தனை காட்சிப் போட்டிகள் இருந்திருக்கும் என்பது இனி எழுதப்பட வேண்டிய பணி.

நம் நாட்டுக்கும் இப்பணி உண்டு. 2001க்கு முன்பும் பின்பும் மாவட்ட, மாநில அளவில் மோதிய பெண்களின் போட்டி அட்டைகள், சங்கப் பதிவேடுகள், உள்ளூர்ச் செய்தி நறுக்குகள் பெரும்பாலும் தனியார் வீடுகளின் பெட்டிகளில்தான் இருக்கும். அவை பழைய தாளாக எடைக்குப் போகும் முன் யாரேனும் தொகுத்தாக வேண்டும். இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்கள் அவ்வட்டைகளைக் காண நேர்ந்தால், முதலெழுத்து மட்டும் உள்ள பெயர்களைக் கடந்து போய்விடாதீர்கள். அவர் யாரென்று ஊரில் ஒருமுறை விசாரியுங்கள். திருத்தங்களும் மாற்றுக் கருத்துகளும் இருப்பின் பின்னூட்டத்தில் எழுதுங்கள், நன்றியோடு ஏற்பேன்.